நட்புப் போட்டிக்கு நடுவர்

பட்டிமன்ற நடுவருக்கு மாலை, மைக், கார் வாடகை எல்லாம் உண்டு. கபடி நடுவருக்கு விசிலாவது மிஞ்சும். இதில் எதுவும் கிடைக்காமல், கைக்காசில் டீ வாங்கிக் குடித்துவிட்டு, நாலு நண்பர்களின் கோபத்தையும் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிற நடுவர் இனம் ஒன்று இருக்கிறது. குறுக்கெழுத்துக்குக் குறிப்பு எழுதும் நட்புப் போட்டியின் நடுவர். கள்ளக்குறிச்சிப் பக்கம் இந்த இனம் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தமிழய்யா உருவத்தில் நடமாடும். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் சிவப்பு மைப் பேனா, சைக்கிள் கேரியரில் கழகத் தமிழ் அகராதி. அகராதிக்கு மழைக்காகப் பிளாஸ்டிக் உறை உண்டு. அவருக்குக் குடை கிடையாது.

வார இதழ்களில் வரும் சாதாரணக் குறுக்கெழுத்து இவர் கண்ணுக்குப் புதிராகவே படாது. ‘தசரதனின் மூத்த மகன்’ என்று கேட்டால், “இது மூணாங்கிளாஸ் பரீட்சை” என்று தள்ளிவிடுவார். அவருடைய ஆட்டம் சங்கேதக் குறிப்பு. குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மறுமுனையில் அதே விடையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டிருக்கும். சும்மா படித்துக்கொண்டு போனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது சங்கதி ஒன்று தெரியும். அதை நம்பினவன் கெட்டான்.

தமிழய்யா புகழ்பெற்றதே அப்படி ஒரு குறிப்பால்தான். ‘அரசனும் வாலில்லாத மேகமும் சேர்ந்தால் ஆறு (3)’. கூட்டல் கணக்கு என்று நினைத்து விரல் மடக்கியவர்கள் பலர். கோ என்றால் அரசன். முகில் என்றால் மேகம். வாலில் உள்ள ‘ல்’லை வெட்டினால் முகி. கோமுகி! எழுத்தும் மூன்று. கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்துப் பக்கம் அணையில் தேங்கி, நம் ஊர்ப் பக்கம் வருகிற ஆறு. மலையில் மேகம் அருவி என்றே ஓர் அருவி இருப்பதால் உள்ளூர்ச் சாட்சியும் கிடைத்துவிட்டது. அந்தக் குறிப்பைக் கேட்டவர்கள் கைதட்டினார்கள். அதன்பிறகு தமிழய்யா குறிப்பே எழுதவில்லை. அடுத்தது இதைவிட மட்டமாகப் போய்விட்டால்? போட்டியாளராக இருப்பதில் உள்ள ஆபத்தை உணர்ந்த அன்றே அவர் நடுவராகிவிட்டார். நடுவர்கள் பலர் உருவாகும் விதம் இதுதான் என்பது என் எண்ணம். அதை அவரிடம் சொன்னதில்லை.

நடுவர் பதவிக்கு அவர் காட்டும் பரம்பரை பெரிது. குறுக்கெழுத்து 1913 டிசம்பரில் நியூயார்க்கில் ஆர்தர் வின் என்பவர் கையால் பிறந்தது. அதைச் சங்கேதமாக முறுக்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் 1926 முதல் புதிர் கட்டிய எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ், ‘டார்க்கமாடா’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஸ்பெயினில் மதவிசாரணைக்குத் தலைமை தாங்கி ஆட்களைத் தீக்கு அனுப்பியவரின் பெயர் அது. அடுத்து வந்த மக்நட்டும் இன்னொரு விசாரணைத் தலைவர் பெயரில் ‘ஸிமெனெஸ்’ ஆனார். 1972இல் அந்த இடத்துக்கு வந்த ஜொனதன் க்ரௌதர், டேசா என்ற வேறொரு விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டு ‘அஸெட்’ ஆனார். வாசகர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துக் குறிப்பு எழுதச் சொல்லி, வந்தவற்றைத் தரம் பிரித்து, ஏன் இது தேறியது, ஏன் அது தேறவில்லை என்று விளக்கம் எழுதுவது பின்னவர்கள் இருவரின் வழக்கம். “பாத்தீங்களா, குறிப்புக்குத் தீர்ப்பு சொல்றவன் கொஞ்சம் ஈவிரக்கம் இல்லாமத்தான் இருக்கணும். உலக வழக்கு” என்பார் தமிழய்யா.

தனக்கும் அப்படித் திருப்பிப்போட்ட புனைபெயர் வேண்டும் என்று அவருக்கு ஆசை. சித்திரகுப்தனைத் திருப்பிப் பார்த்தார். ‘ன்’ என்று தொடங்கியது. புள்ளி எழுத்தில் சொல் தொடங்கத் தமிழ் இலக்கணம் விடாது. யமனைத் திருப்பினாலும் அதே ‘ன்’. நம் ஊரில் தண்டிக்கிற ஆட்கள் எல்லோரும் ‘ன்’னில்தான் முடிகிறார்கள். கடைசியில் ‘விகடகவி’ என்று வைத்துக்கொண்டார். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாது. ஆளும் அப்படித்தான்; எந்தப் பக்கமிருந்து வாதாடினாலும் மாறமாட்டார்.

வெள்ளைக்காரன் விளையாட்டு என்று யாராவது வாய் திறந்தால் தண்டியலங்காரம் வெளியே வரும். அதில் சொல்லணி பற்றிய பகுதியில் மிறைக்கவிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சொல்லில் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் புதுப்புதுப் பொருள் காட்டுவது எழுத்து வருத்தனம். எழுத்து எழுத்தாக நீக்கிக் காட்டுவது அக்கரச் சுதகம். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது வினாவுத்தரம். பூமகள் யார், போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான், போர்ச் சரத்துக்குப் பெயர் என்ன, அழகுக்குப் பெயர் என்ன என்று அடுக்கடுக்காகக் கேள்வி வரும். திரு, ஏகு, அம்பு, அம் என்று விடை சொல்லிச் சேர்த்தால் சிவபெருமான் உறையும் திருவேகம்பம். “இது குறுக்கெழுத்துக் குறிப்பு இல்லாம வேற என்னய்யா? கட்டம் போடல, அவ்வளவுதானே?” இந்த இடத்தில் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. காளமேகம் பிறந்த மொழியில் சிலேடைக்கு இறக்குமதி தேவையில்லை. இன்றைக்கும் கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் கட்டிய தமிழ்ச் சங்கேதப் புதிர்களை எடுத்துப் பார்த்தால், சந்தியும் புள்ளியும் சேர்ந்து எப்பேர்ப்பட்ட சூழ்ச்சி செய்யும் என்று தெரியும்.

சபை கூடுவது ஞாயிற்றுக்கிழமை, ஓர் அரிசி ஆலையின் முன்னறையில். கள்ளக்குறிச்சியில் தடுக்கி விழுந்தால் அரிசி ஆலை என்பதால் இடம் எது என்று துப்புக் கொடுத்ததாக ஆகாது. ஆலை முதலாளிதான் புரவலர், அவரும் எழுதுவார். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர். சங்கராபுரத்து வக்கீல் குமாஸ்தா. ஒரு மருந்துக்கடைத் தம்பி. திருக்கோவிலூர்க்காரர் ஒருவர். மலைமேலே பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தபோது எங்கள் போட்டியும் ‘மாவட்ட அளவிலான போட்டி’ ஆயிற்று. ஆள் ஒன்றும் கூடவில்லை.

தமிழய்யா ஒவ்வொரு முறையும் “இது நட்பான போட்டிதான்” என்று ஆரம்பிப்பார். அவர் அப்படிச் சொன்னதும் எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

பரிசைப் பற்றியும் சட்டம் பேசுவார். விகடனில் வாசன் 1930களில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திப் பத்திரிகை விற்பனையைத் தூக்கி நிறுத்திய கதை ஊருக்கே தெரியும். பிறகு நாடு முழுக்கப் பத்திரிகைக்குப் பத்திரிகை பணப்பரிசு அமர்க்களமாகி, 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. “அதனால முதல் பரிசு ஒரு கிலோ உருண்டை வெல்லம். சட்டத்த மீற முடியாது” என்பார் தமிழய்யா. குமாஸ்தா விடமாட்டார். “ஐயா, 1957ல சுப்ரீம் கோர்ட்டு அதுக்கு விளக்கம் சொல்லிடுச்சு. அதிர்ஷ்டத்த நம்புற போட்டிக்குத்தான் அந்தச் சட்டம். திறமைப் போட்டிக்கு இல்ல.” தமிழய்யா எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “அதான் சொல்றேன், நமக்குச் சட்டம் பொருந்தும்” என்பார். ஒருமுறை முதலாளி மனமிரங்கி, புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் மரச்சிற்பம் ஒன்றைப் பரிசாக வைத்தார். ஜெயித்தவர் பிள்ளையாரை வீட்டுக்குக் கொண்டுபோனால் தினம் பூசை செய்ய வேண்டுமே என்று மனைவி கேட்டதாகச் சொல்லி அதை ஆலையிலேயே விட்டுவிட்டார். இப்போது அது நடுவர் மேசைமேல் இருக்கிறது. தீர்ப்புக்கு முன் அவர் அதைத் தொட்டுக்கொள்வார்.

இந்தமுறை கொடுத்த சொல் ‘வெல்லம்’. எடைமேடைக்காரர் அப்போதே முகத்தைச் சுளித்தார். ஆலைக்கு வர வேண்டிய கரும்பு வெல்லக் கொப்பரைக்குப் போவதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்து நொந்தவர். “சர்க்கரைன்னு வச்சா என்னவாம்?” என்றார். சர்க்கரையில் ‘க்’கும் ‘ர்’ரும் சேர்ந்து போட்டியாளர்களுக்கு வாய்ப்பு மிகுதியாகிவிடும் என்று தமிழய்யா மறுத்துவிட்டார். கீழே இருந்தவர்களுக்குச் சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தார். மலை ஆசிரியருக்கு மட்டும் போனில் சொன்னார். வெள்ளிமலைப் பக்கம் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். “தம்பி, எழுதிக்க. நாலு எழுத்து” என்று கத்தியது தெருவுக்கே கேட்டது.

சீட்டில் பெயர் எழுதக்கூடாது. மடித்து மேசைமேல் உள்ள பித்தளைப் படியில் போட வேண்டும். நடுநிலைமைக்காக அவர் செய்த ஏற்பாடு அது. படியிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்ததும், “ம்… எடைமேடை கையெழுத்து” என்று தொடங்குவதால் நடுநிலைமை அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

முதல் சீட்டு: ‘வெயில் தொடங்கியதும் தலையில்லாத செல்லம் உருகும் (4)’. வெயிலின் தொடக்கம் ‘வெ’. செல்லத்தின் தலை போனால் ‘ல்லம்’. எல்லோரும் தலையாட்டினோம். தமிழய்யா சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“பொருள் எங்க இருக்கு?”

“‘உருகும்’தான் ஐயா. வெல்லம் உருகுமில்ல?”

“உருகும்ங்கிறது வினைமுற்று. வெல்லம் பெயர்ச்சொல். வினைய வச்சிப் பெயரக் கேட்டா எப்படி?”

“அத ஏன் முற்றுன்னு எடுத்துக்கிறீங்க? பெயரெச்சம்னு வச்சிக்குங்க.”

“பெயரெச்சம்னா பின்னால பெயர் வரணுமே. எங்க அந்தப் பெயர்?”

“அதத்தானே ஐயா கண்டுபிடிக்கச் சொல்றோம்? அதான் புதிர்.”

எடைமேடையில் முப்பது டன் கரும்பு லாரியை நிறுத்திப் பழகியவரின் நிதானம் அது. தமிழய்யா பேனாவை மூடினார், மறுபடி திறந்தார், ‘ஆய்வுக்குரியது’ என்று ஓரத்தில் எழுதினார். தோற்ற வாதத்துக்கு நடுவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

இரண்டாவது மருந்துக்கடைத் தம்பி. டாக்டர் சீட்டுகளையே படித்துப் படித்து அவன் கையெழுத்தும் அப்படி ஆகிவிட்டதால், எழுதியவனையே வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ‘வெல்ல முடியாதவனுக்குள் ஒளிந்திருக்கும் இனிப்பு (4)’. முதல் இரண்டு சொற்களை ஒட்டிப் படித்தால் உள்ளே வெல்லம் தெரிகிறதாம்.

“வெல்ல-வுக்கு அடுத்து நிக்கிறது ‘மு’. எனக்கு வேண்டியது ‘ம்’. தொல்காப்பியர் காலத்துலயே மெய்க்குப் புள்ளி வச்சாச்சு. இப்ப நீ வந்து அதுல கை வைக்கிற.”

“முவுல இருக்கிற உவ எடுத்துட்டா ம் தானே ஐயா?”

“எடுக்கச் சொல்லிக் குறிப்புல எங்கடா இருக்கு? மாத்திரைய நீயா பாதியா ஒடச்சிக் குடுப்பியா, சீட்டுல இருந்தாத்தானே குடுப்ப?”

தம்பி பாதியாக உடைத்துக் கொடுப்பது உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அவன் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது, ‘ஜெயிப்பதற்கான வீடு, இனிப்பு (4)’. வெல் என்றால் ஜெயி, இல்லம் என்றால் வீடு. தமிழய்யா விரலால் எண்ணினார். “வெல்லில்லம். ஆறு எழுத்து வருது. கட்டம் நாலு.” எழுதியவர், “புணர்ச்சியில ரெண்டு எழுத்து கெட்டுப்போச்சுன்னு எடுத்துக்கலாமே” என்றார். “எழுத்து கெடலய்யா” என்று சொல்லிவிட்டுத் தமிழய்யா அவரைக் குற்றம் சொல்லாமலே விட்டார். காரணம், அவர் திருக்கோவிலூர்க்காரர். ஒருவர் படுக்க, இருவர் உட்கார, மூவர் நிற்க மட்டுமே இடமிருந்த இடைகழியில் முதலாழ்வார்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருக்க, நாலாவதாகப் பெருமாளே வந்து நெருக்கிய ஊர். நாலு கட்டத்துக்குள் ஆறு எழுத்து போகாது என்று அந்த ஊர்க்காரருக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

குமாஸ்தாவின் சீட்டைப் படித்ததும்தான் தமிழய்யா முதன்முறையாகச் சிரித்தார். ‘தோற்காதே, இல்லத்தில் பின்பாதி வாங்கினால் இனிப்பு (4)’. தோற்காதே என்றால் வெல். இல்லத்தின் பின்பாதி ‘லம்’. ஒரு சொல் வீணில்லை, ஓர் எழுத்து மிச்சமில்லை. பார்வைக்கோ பாகப்பிரிவினை வழக்கு. “முன்பாதிய எடுத்துக்கிட்டவனுக்கு ‘இல்’ கிடைக்கும். அதுவும் வீடுதான். பின்பாதிக்காரனுக்கு ‘லம்’. அதுக்கு அர்த்தமே கிடையாது. அண்ணன் தம்பி பங்கு பிரிச்சா நம்ம ஊருல அப்படித்தானே நடக்குது?” என்று ரசித்துவிட்டு, குமாஸ்தாவின் தம்பி முகம் நினைவுக்கு வந்தவராகச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அடுத்த சீட்டு ஆலை முதலாளியுடையது. அரிசி மூட்டை லேபிளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. ரகசியம் காக்க அவர் எடுத்துக்கொண்ட சிரமம் அவ்வளவுதான். ‘ஆற்றில் வந்ததாகக் காதில் விழுந்தது, நாக்கில் இனிப்பது (4)’. ஆற்றில் வந்தது வெள்ளம். காதில் விழும்போது வெல்லம். ஒலி ஒற்றுமைக் குறிப்பு.

தமிழய்யா எழுந்து நின்றுவிட்டார். பணியில் இருந்த காலமெல்லாம் லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் மூன்று தலைமுறை நாக்குகளில் தனித்தனியாகக் குடியேற்றப் பாடுபட்டவர். “வெல்லம் நுனி நாக்கு. வெள்ளம் நாக்க மடிக்கணும். ரெண்டும் ஒண்ணாக் காதுல விழுமா? காதுன்னு ஒண்ணு இருக்கிற எவனுக்காவது விழுமா? இங்கிலீஷ்ல இதெல்லாம் நடக்கும். எழுதுறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. தமிழ்ல நடக்காது.” பிள்ளையாரைத் தொட்டார். “தள்ளுபடி.”

டீ அன்றைக்கு முதலாளி கணக்கில் வரவேண்டிய முறை. அவர் பையனைக் கூப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் மலை பஸ் வந்து, இளம் ஆசிரியர் தோளில் பையோடு நுழைந்தார். பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தனுப்பிய கடுக்காய் ஒரு பொட்டலம், தேன் ஒரு பாட்டில். இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, “தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும் ஐயா” என்று சீட்டை நீட்டினார். நல்ல கையெழுத்து. தமிழய்யா சத்தமாகவே படித்தார்.

‘வெள்ளிமலை தொடங்கியதும் பள்ளம் தலையிழந்தது, கோமுகியில் இறங்கி வருவது (4).’

வெள்ளிமலையின் தொடக்கம் ‘வெ’. பள்ளத்தின் தலை போனால் ‘ள்ளம்’. மலையேறுகிறவன் கண்ணுக்கு மலை தொடங்குவதும் பள்ளம் மறைவதும் மழைக்கு ஆறு இறங்குவதும் அப்படியே தெரிகிற குறிப்பு. இத்தனை ஆண்டுகளில் அந்த மேசைக்கு வந்ததிலேயே உயர்ந்தது. ஒரே ஒரு குறை, விடை ‘வெள்ளம்’.

“நான் குடுத்த சொல் வெல்லம் தம்பி.”

“ஆமாங்கய்யா, வெள்ளம். போன்ல ரெண்டு தடவ சொன்னீங்களே.”

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஐயா, சொன்னது யாரு? தமிழய்யா. கேட்டது யாரு? வாத்தியாரு. ரெண்டு பேருக்கும் காது இருக்கு, நாக்கு இருக்கு. நடுவுல வெல்லம் வெள்ளமா ஆச்சா, ஆகலயா?”

“அது டவர் கோளாறு.”

“டவருக்கு லகர ளகரம் தெரியாதுன்னா சொல்றீங்க?”

“என் ஒலிப்புல குறை சொல்றீங்களா?”

“ஐயோ, நான் சொல்வேனா? காதில் விழுந்ததுன்னுதான் எழுதியிருக்கேன்.”

குமாஸ்தா, சாட்சியம் நேரடியானது, எதிர்த்தரப்பு அதை மறுக்கவில்லை என்று யாரும் கேட்காமலே குறித்துக்கொண்டார். தமிழய்யா சற்று நேரம் அகராதியின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்பு எழுத உட்கார்ந்தார். தீர்ப்பு எழுதும்போது யாரும் பக்கத்தில் போகக்கூடாது. டீ வந்தது, முதலாளிதான் சொல்லியனுப்பியிருந்தார்.

முதற்பரிசு குமாஸ்தாவுக்கு, இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை, திருக்கோவிலூர்க்காரரைத் தவிர. எடைமேடைக்காரருக்கு இரண்டாமிடம், ‘எச்சத்தை முற்றாக நிரூபிக்காத நிலையிலும்’. மருந்துக்கடைத் தம்பிக்கு எழுத்துப் பயிற்சி நோட்டு ஒன்று வாங்கிக் கொள்ளும்படி அறிவுரை. முதலாளியின் மனு மேல்முறையீட்டில்: ‘லகர ளகரம் ஒன்றல்ல. ஆயினும் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, தொலைபேசி வழியே, மழை நாட்களில் ஒன்றாகக் கேட்கக்கூடும் என்பதை இந்த நடுவர் மறுப்பதற்கில்லை. ஆறுதல் பரிசு.’

மலை ஆசிரியரின் குறிப்புதான் அவரைப் படுத்தியது. கொடுக்காத சொல்லுக்கு எழுதிய குறிப்புக்குப் பரிசு தர விதி இல்லை. அவ்வளவு நல்ல குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. அவர் உண்மையில் ரசிகர்; நடுவர் வேலை அந்த ரசனையை மறைக்கப் போட்டுக்கொண்ட சட்டை என்பது அப்போது எங்களுக்குத் தெரிந்தது. கடைசிப் பத்தியை அவர் இரண்டு முறை அடித்து எழுதினார். பிறகு எழுந்து நின்று வாசித்தார்:

“அடுத்த போட்டிக்கான சொல், வெள்ளம். முதற்பரிசு இன்றே வழங்கப்பட்டுவிட்டது. இரண்டாம், மூன்றாம் பரிசுகளுக்கு உரிய குறிப்புகள் வரவேற்கப்படுகின்றன.”

எடைமேடைக்காரர் அதற்குள் சட்டைப் பையிலிருந்து பழைய எடைச்சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். “இரண்டாம் பரிசுக்குத்தானே ஐயா? அப்படின்னா வினையெச்சம் போதுமா, பெயரெச்சமே வேணுமா?” என்றார்.